கைக்குழந்தை காப்பகத்தில் என்ன கற்கிறது?

சேலத்தில் அழகாபுரம், சூரமங்கலம், அம்மாப்பேட்டை என்று எந்தப் பகுதியில் கைக்குழந்தைக்கான காப்பகம் தேடினாலும், கட்டணத்துக்கு அடுத்தபடியாகப் பெற்றோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: “என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்?” கேள்வியில் தவறில்லை. அதற்குக் கிடைக்கும் பதில்களில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஒரு காப்பகம் எழுத்தும் படமும் அச்சிட்ட அட்டைகளை எடுத்துக் காட்டுகிறது. இன்னொன்று ஆங்கிலப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியைச் சுட்டிக்காட்டுகிறது. வேறொன்று, “இந்த வயதில் என்ன படிப்பு, வேளைக்குப் பாலைக் கொடுத்துத் தூங்க வைத்தால் போதாதா?” என்று வெளிப்படையாகவே கேட்டுவிடுகிறது. மூன்றும் ஒன்றுக்கொன்று முரணானவையாகத் தோன்றினாலும், பராமரிப்பது ஒரு வேலை, கற்பிப்பது வேறொரு வேலை என்று பிரித்துப் பார்க்கும் ஒரே தவறான எண்ணத்திலிருந்துதான் மூன்றுமே பிறக்கின்றன.

பிறந்தது முதல் ஒன்றரை வயது வரையிலான குழந்தைக்கு அப்படிப்பட்ட பிரிவினை கிடையாது. பாலூட்டுவதும் துணி மாற்றுவதும் தூங்க வைப்பதும் எப்படிச் செய்யப்படுகின்றன என்பதிலேயே அதன் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அது எவ்வாறு நடக்கிறது என்பதைப் புதியவர்களுக்கும் விளங்கும்படி சொல்ல முயல்வதே இக்கட்டுரை.

மூளை வளர்வது என்றால் என்ன

காப்பக விளம்பரங்களில் அதிகம் அடிபடும் சொல் மூளை வளர்ச்சி. அளவைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது உண்மைதான். பிறக்கும்போது வளர்ந்தவரின் மூளையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பருமனே உள்ள மூளை, 2 வயதுக்குள் ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. “மூன்று வயதுக்குள் எல்லாம் முடிந்துவிடும், அதற்குள் புகட்டிவிட வேண்டும்” என்ற பதற்றம் இந்தக் கணக்கிலிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் பருமன் கூடுவதற்கும் கற்பதற்கும் இடையே நிறைய தூரம் உண்டு.

மூளையில் செய்தியைக் கடத்தும் உயிரணுவை நரம்பணு என்கிறோம். ஒரு நரம்பணு மற்றொன்றிடம் செய்தியை ஒப்படைக்கும் இடம் நரம்பிணைப்பு. பிறக்கும் குழந்தையிடம் நரம்பணுக்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே அமைந்துவிட்டன. முதல் ஆண்டுகளில் வேகமாகப் பெருகுபவை அவற்றுக்கு இடையிலான இணைப்புகளே. அவை தேவைக்கும் மிகுதியாகப் பெருகி, பின்னர் குறைகின்றன. பெருகுவதைப் போலவே குறைவதும் வளர்ச்சியின் பகுதி என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பழம் பறித்து முடிந்ததும் செடிகளுக்குக் கவாத்து செய்வார்கள். செடி தன் போக்கில் எல்லாப் பக்கமும் கிளை விட்டிருக்கும். அவற்றுள் காய்த்து ஓய்ந்த குச்சிகளையும், உள்நோக்கி வளர்ந்து வெளிச்சத்தை மறைப்பவற்றையும், அடித்தண்டில் வீணாகக் கிளம்பிய தளிர்களையும் வெட்டிவிட்டால், எஞ்சிய கிளைகளுக்கு வெயிலும் சத்தும் சேர்ந்து அடுத்த பருவத்தில் காய்ப்பு கூடும். குழந்தையின் மூளையும் முதலில் ஏராளமான இணைப்புகளை விட்டுப் பிறகு பலவற்றைக் கழித்துக்கொள்கிறது. ஆனால் இந்த ஒப்புமை ஓர் இடத்துக்கு மேல் செல்லாது. தோட்டத்தில் எதை வெட்டுவது என்று கத்தரி பிடித்தவர் முடிவு செய்கிறார். மூளையில் அப்படி முடிவு செய்பவர் எவரும் இல்லை. எந்த இணைப்பின் வழியாகச் செய்தி மீண்டும் மீண்டும் செல்கிறதோ அது உறுதிப்படுகிறது, செல்லாதது மெல்லத் தேய்கிறது. நாள்தோறும் குழந்தைக்கு எது நேர்கிறதோ அதுவே எதை வைத்துக்கொள்வது என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கழிப்பு மூளை முழுவதும் ஒரே நேரத்தில் நடப்பதும் இல்லை. மனித மூளையில் நரம்பிணைப்புகளை எண்ணிப் பார்த்தவர்களுள் முன்னோடியான மருத்துவர் பீட்டர் ஹட்டன்லாக்கர், பார்வைக்கான பகுதியில் இணைப்புகள் முதல் ஆண்டுக்குள்ளேயே உச்சத்தைத் தொடுவதையும், சிந்தித்து முடிவெடுப்பதற்கான முன்பகுதியில் அது பிந்தி நிகழ்ந்து, கழிப்பு பதின்பருவம் வரை நீள்வதையும் கண்டார். ஆகவே மூன்றாவது பிறந்தநாளோடு கதவு மூடிக்கொள்வதாகச் சொல்வது வியாபாரத்துக்கு உதவுமே தவிர, உண்மை ஆகாது.

ஒலிகளைப் பிரித்தறியும் திறனில் இதைக் கண்கூடாகக் காணலாம். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகிய இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் மட்டுமே பேசும் வீடுகளில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள், இந்தியில் உள்ள தகர, டகர ஒலிகளை வேறுபடுத்திக் கேட்டன. அதே ஊரைச் சேர்ந்த 10 முதல் 12 மாதக் குழந்தைகளுள் பெரும்பாலானவற்றால் அது முடியவில்லை. அந்த வேறுபாடு அவர்கள் வீட்டு மொழியில் பயன்படாததால் காது அதைக் கைவிட்டுவிட்டது. அதே வயதில் தமிழ்க் குழந்தையின் காது, ‘பத்து’, ‘பட்டு’ என்னும் சொற்களின் வேறுபாட்டை மேலும் கூர்மையாக்கிக்கொண்டிருக்கும்.

சேலத்தில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பேசும் குடும்பங்கள் ஏராளம். வீட்டில் ஒரு மொழி, காப்பகத்தில் தமிழ் என்றிருந்தால் குழந்தை குழம்பிப் பேச்சு தாமதமாகும் என்று அவர்களிடம் பலரும் அச்சுறுத்துகிறார்கள். இரு மொழிகளைக் கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. குழந்தைக்குத் தெரிந்த சொற்களை எண்ணும்போது இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ண வேண்டும், அவ்வளவே. இதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. பெற்றோர் விரும்புகிறார்கள் என்பதற்காக, காப்பகத்து ஆயாவைத் தெரியாத ஆங்கிலத்தில் பேசச் சொல்கிறார்கள். சரளமாகத் தமிழ் பேசி, கதை சொல்லி, தாலாட்டுப் பாடக்கூடிய ஒரு பெண் நான்கைந்து கட்டளைச் சொற்களுக்குள் முடக்கப்படும்போது, குழந்தையின் காதுக்கு எட்டும் மொழியின் பெரும்பகுதி நின்றுபோகிறது.

இதுவரை சொன்னதன் சாரம்: குழந்தையின் மூளை மிகுதியாக இணைப்புகளை உண்டாக்கி, அன்றாடம் பயன்படுபவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழிக்கிறது. எனவே சிறப்பு வகுப்பாக அரை மணி நேரம் நடப்பதைவிட, நாள் முழுவதும் திரும்பத் திரும்ப நடப்பவையே கணக்கில் சேர்கின்றன.

உதைத்தால் ஒலிக்கிறது

குழந்தை முதன்முதலாகக் கற்கும் செய்திகளுள் ஒன்று, “நான் ஒன்று செய்தால் உலகில் ஒன்று நடக்கிறது” என்பது. அமெரிக்க உளவியலாளர் கரோலின் ரோவி-காலியர் இதை எளிய முறையில் காட்டினார். தொட்டிலுக்கு மேல் தொங்கும் விளையாட்டுப் பொருளைக் குழந்தையின் கணுக்காலோடு ஒரு நாடாவால் இணைத்தார். கால் உதைத்தால் பொருள் ஆடும். தொடர்பைப் புரிந்துகொண்ட குழந்தை விடாமல் உதைக்கத் தொடங்கியது. 3 மாதக் குழந்தைகள் இந்தத் தொடர்பை ஒரு வாரம் வரைகூட நினைவில் வைத்திருந்தன.

கொலுசுக்குப் பெயர்போன சேலத்தில் இது புதுச் செய்தி அல்ல என்றே தோன்றுகிறது. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் செய்யப்படும் முத்து வைத்த சிறு கொலுசைப் பிள்ளையின் காலில் பூட்டிப் பாயில் கிடத்தினால், சிறிது நேரத்தில் உதையின் வேகம் கூடுவதை எந்தப் பாட்டியும் கவனித்திருப்பார். அழகுக்காகவும் நடமாட்டம் தெரிவதற்காகவும் அணிவிப்பதாக நாம் நினைக்கிறோம். குழந்தைக்கோ அது காரணமும் விளைவும் பற்றிய பாடம். ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிட வேண்டும். முத்து கழன்று வாய்க்குள் போகக்கூடிய கொலுசைக் காப்பகத்துக்கு அணிவித்து அனுப்பக் கூடாது. ஒரு குழந்தையின் காலிலிருந்து கழன்றது பக்கத்துக் குழந்தையின் வாய்க்குப் போகும். இறுக மூடிய கிலுகிலுப்பை போதுமானது.

மறுமொழி கிடைக்கும் இடம்

கொலுசு எப்போதும் ஒரே ஒலியைத்தான் தரும். மனிதர்கள் அப்படியல்லர். குழந்தை ‘ங்ஙா’ என்றால் ஒருவர் நிமிர்ந்து பார்க்கிறார், சிரிக்கிறார், அதே ஒலியைத் திருப்பிச் சொல்கிறார், பிறகு காத்திருக்கிறார். குழந்தை மறுபடி ஒலி எழுப்புகிறது. இவ்வாறு குழந்தை காட்டும் குறிப்பைக் கவனித்து, அதன் பொருளை உணர்ந்து, காலம் தாழ்த்தாமல் பதில் தருவதை மறுமொழிப் பராமரிப்பு என்பார்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் 2018-இல் வெளியிட்ட வளர்ப்புப் பராமரிப்புச் சட்டகத்தில் நல்ல உடல்நலம், போதிய ஊட்டம், பாதுகாப்பு, தொடக்கக் கற்றலுக்கான வாய்ப்பு ஆகியவற்றோடு ஐந்தில் ஒன்றாக இதுவும் இடம்பெறுகிறது.

மறுமொழி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை 1970-களில் எட்வர்ட் ட்ரானிக் ஒரு சோதனையால் காட்டினார். குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருந்த தாய், சொன்னபடி திடீரென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் சில நிமிடங்கள் அமர்ந்திருப்பார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், ஒலி எழுப்பும். எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அல்லது அழும். தாய் எங்கும் போகவில்லை, எதிரிலேயே இருக்கிறார், ஆனாலும் போதவில்லை. கைபேசித் திரையில் கண்ணைப் பதித்தபடி மடியில் குழந்தையை வைத்திருக்கும் நம் எல்லோருக்கும் இந்தச் சோதனை பொருந்தும் என்பது என் கருத்து.

திரையைப் பற்றிய வாதத்துக்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. பட்ரீஷியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மொழி கேட்க வாய்ப்பளிக்கப்பட்டது. நேரில் அமர்ந்து ஒருவர் படித்தும் விளையாடியும் காட்டிய குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே நபரை, அதே சொற்களோடு, காணொளியில் மட்டும் பார்த்த குழந்தைகள் ஏதும் கற்கவில்லை. திரை பேசுகிறது, குழந்தை பதில் சொன்னால் அது கேட்பதில்லை. 1 வயதுக்கு முன் திரை வேண்டாம், 1 வயது ஆன பிறகும் 2 வயது நிறையும் வரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. காப்பகத்தில் யாரும் பார்க்காமல் ஓடும் தொலைக்காட்சியும் தீங்கற்றதல்ல. பின்னணியில் அது ஓடும்போது பெரியவர்கள் குழந்தையிடம் பேசும் சொற்களே குறைந்துவிடுகின்றன. இரைச்சலுக்கிடையே பேச்சைப் பிரித்துக் கேட்கும் திறனும் கைக்குழந்தைக்கு நம்மைவிடக் குறைவு. விசைத்தறி ஓடும் கூடத்தை ஒட்டிய வீடுகளில் இந்தச் சிக்கல் தானாகவே உண்டு. அதைக் காப்பகத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

சுருக்கமாக: குழந்தை கேட்பதாலும் பார்ப்பதாலும் மட்டும் கற்பதில்லை, தன் செயலுக்குப் பதில் வரும்போது கற்கிறது. பதில் தரும் ஆள் முன்னால் இருக்க வேண்டும்.

ஒரு நாளின் வேலைகளுக்குள்

இனி காப்பகத்தின் வழக்கமான நாளைப் பார்ப்போம். ஒரு கைக்குழந்தைக்கு ஒரு நாளில் பலமுறை துணி மாற்ற நேரும். ஒருவர் கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, குழந்தையின் காலைத் தூக்கித் துடைத்துப் புதியதைக் கட்டிவிட்டுப் போகலாம், வேலை முடிந்துவிடும். இன்னொருவர் குழந்தையின் முகத்தைப் பார்த்து, “கண்ணு, ஈரமாயிடுச்சா? ஆமா, ஈரந்தான். இப்பக் காலைத் தூக்கப் போறேன்” என்று சொல்லி ஒரு கணம் நிறுத்துவார். அந்த நிறுத்தம் முக்கியம். கைக்குழந்தை கேட்டதைப் புரிந்து பதில் செயலைத் தொடங்க நம்மைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். சில வாரங்களில் “காலைத் தூக்கு” என்றதும் குழந்தை தானே காலை அசைக்கத் தொடங்கும். உடல் உறுப்பின் பெயர், அடுத்து நடக்கப்போவதை எதிர்பார்த்தல், தன் உடல் தன் சொற்படி அசைகிறது என்னும் உணர்வு, இந்த ஆள் என்னிடம் கேட்டுத்தான் தொடுகிறார் என்னும் நம்பிக்கை ஆகிய எல்லாம் அந்தச் சில நிமிடங்களுக்குள் நடந்துவிடுகின்றன. அட்டையைக் காட்டி ‘கால்’ என்று சொல்லிக் கொடுப்பதைவிட இது எவ்வளவு நிறைவானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஊட்டுவதும் அப்படியே. 6 மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலோடு இணை உணவு என்பது அனைவரும் அறிந்த விதி. காப்பகத்தில் பார்க்க வேண்டியது ஊட்டும் முறை. ஐந்து குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்து ஒரே கிண்ணத்திலிருந்து ஒரே கரண்டியால் சுற்றிச் சுற்றி வாயில் வைப்பது வேகமான முறைதான், ஆனால் நோய் பரவுவதற்கும் அதுவே வேகமான வழி. அதோடு, அந்த வேகத்தில் எந்தக் குழந்தை வாயைத் திறந்து முன்னால் சாய்ந்தது, எது முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று யாரும் பார்க்க முடியாது. முகத்தைத் திருப்புவது ‘போதும்’ என்பதற்குக் குழந்தையிடம் உள்ள சொல். அச்சொல்லுக்கு மதிப்புக் கிடைத்தால் குழந்தை தன் வயிற்றின் அளவைத் தானே உணரப் பழகும். 9, 10 மாதமளவில் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துச் சிறு பொருளைப் பற்றும் கிள்ளுப்பிடி வரும். அப்போது குழைய வெந்த காரட் துண்டையோ இட்லியைப் பிட்டோ தட்டில் வைத்தால், கீழே இறைத்தது போக ஒரு பங்கு வாய்க்குப் போகும். துடைக்கும் வேலை கூடும் என்பதால் பல காப்பகங்கள் இதைத் தவிர்க்கின்றன. முழு நிலக்கடலையும் திராட்சையும் மட்டும் மூச்சுக்குழாயில் சிக்கும் அபாயம் உள்ளவை என்பதால் தரக் கூடாது. 1 வயது நிறையும் முன் தேன் கூடாது என்பதையும் பெரியவர்களிடம் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

விழித்திருக்கும் நேரத்துக்குச் சிறந்த இடம் தரை. சுத்தமான பாயில், கண்காணிப்போடு, குப்புறக் கிடத்தப்படும் குழந்தை தலையைத் தூக்கக் கழுத்தைப் பழக்குகிறது. பிறகு கையை ஊன்றுகிறது, புரள்கிறது, எட்டாத பொருளை நோக்கி நகர்கிறது. இன்னும் நகரத் தொடங்காத குழந்தைக்கு நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமாவது, சிறு சிறு பொழுதுகளாகப் பிரித்து, இப்படிக் குப்புறக் கிடக்க வாய்ப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஏற்காட்டில் இதற்கு ஒரு தனித் தடை உண்டு. காப்பிப் பழம் பறிக்கும் காலமும் மலையில் குளிர் மிகும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. தாய் பறிப்புக்குப் போகும் மாதங்களில், பிள்ளை கம்பளிக்குள் சுற்றப்பட்டு, கையுறையும் காலுறையும் மாட்டப்பட்டு, தூளியில் நாள் முழுவதும் கிடக்க நேர்கிறது. குளிருக்கு அஞ்சுவது சரியே; ஆனால் விரல்கள் மூடியிருந்தால் பொருளைத் தொட்டுப் பார்க்கவோ வாயில் வைத்து அறியவோ வழியில்லை. கனமான விரிப்பின் மேல், காற்று வராத மூலையில், கையை மட்டுமாவது திறந்து விட்டால் போதும். தூளி தூங்க வைக்க உதவலாம், விழித்திருக்கும் குழந்தைக்கு அது இடமன்று.

சக்கரம் வைத்த வட்ட வாக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் உட்கார வைத்தால் குழந்தை சீக்கிரம் நடக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மையில் அது நடையை விரைவுபடுத்துவதில்லை. படியில் உருண்டு தலையில் அடிபடும் விபத்துகளால் கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது. நம் பழைய மர நடைவண்டி வேறு வகை. குழந்தை தானே எழுந்து நின்று, தன் எடையைத் தன் காலில் தாங்கி, அதைத் தள்ளிக்கொண்டு போகிறது.

தூக்கமும் கற்றலின் பகுதிதான். 6 மாதமும் 12 மாதமும் ஆன குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், புதிய செயலொன்றைப் பார்த்த 4 மணி நேரத்துக்குள் அரை மணி நேரமாவது தூங்கிய குழந்தைகளே அதைப் பின்னர் நினைவுகூர்ந்து செய்துகாட்டின. 4 முதல் 11 மாதக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும். எல்லாக் குழந்தைகளையும் ஒரே மணிக்குத் தூங்க வைப்பது நிர்வாகத்துக்கு வசதி; கண்ணைக் கசக்கும் குழந்தையை அப்போதே கிடத்துவது குழந்தைக்கு வசதி. கிடத்தும்போது மல்லாந்த நிலையில், சமமான உறுதியான படுக்கையில், முகத்தருகே தலையணையோ தளர்ந்த துணியோ இல்லாமல் கிடத்த வேண்டும்.

ஆகவே அட்டவணையில் ‘கற்றல் நேரம்’ என்று தனியாக எழுதியிருப்பதைத் தேட வேண்டாம். துணி மாற்றுதல், ஊட்டுதல், தரையில் விடுதல், தூங்க வைத்தல் ஆகிய நான்குமே அந்த நேரம்.

எட்டாம் மாதத்து அழுகை

“முதலில் நன்றாகத்தான் போனான், இப்போது காப்பக வாசலைக் கண்டாலே அழுகிறான், அங்கே ஏதோ சரியில்லை” என்பது அடிக்கடி கேட்கும் புலம்பல். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதால் அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு.

முதல் சில மாதங்களில் கண்ணுக்கு மறைந்த பொருளைக் குழந்தை தேடுவதில்லை. ஏறத்தாழ 8 மாதமளவில் துணிக்கு அடியில் மறைத்த பொம்மையைத் துணியை விலக்கித் தேட ஆரம்பிக்கிறது. மறைந்தாலும் பொருள் இருக்கிறது என்னும் இந்த அறிவைப் பொருள் நிலைத்தன்மை என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே குறித்தார். கண்ணாமூச்சி விளையாட்டில் முகத்தை மறைத்து ‘ஆ’ என்று காட்டும்போது குழந்தை விழுந்து விழுந்து சிரிப்பது இந்த அறிவு முளைக்கும் பருவத்தில்தான். பொம்மைக்குப் பொருந்தும் அறிவு தாய்க்கும் பொருந்தும்: அம்மா எங்கோ இருக்கிறார், ஆனால் இங்கே இல்லை. அதோடு, தனக்கு உரியவர் இன்னார் என்று குழந்தை சிலரை மட்டும் உறுதியாகப் பற்றிக்கொள்வதும் இதே காலத்தில் கெட்டிப்படுகிறது. ஜான் பவுல்பியும் மேரி ஐன்ஸ்வொர்த்தும் விரிவாக ஆராய்ந்த இந்த உறவைப் பாசப்பிணைப்பு என்கிறோம். புது முகத்தைக் கண்டு மிரள்வதும் பிரியும்போது அழுவதும் அதன் வெளிப்பாடுகள். அந்த அழுகை பின்னடைவைக் காட்டவில்லை. அறிவு ஒரு படி ஏறியிருப்பதையே காட்டுகிறது.

இங்கே விடுப்புச் சட்டத்தின் கணக்கும் வந்து சேர்ந்துகொள்கிறது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த திருத்தம் தனியார் துறையில் விடுப்பை 26 வாரமாக்கியது. அதனால் பிள்ளை ஆறு மாதத்தை ஒட்டிக் காப்பகத்துக்கு வருகிறது, அழாமல் யாரிடமும் போகிறது, இரண்டு மாதம் கழித்து அழத் தொடங்குகிறது. பழி காப்பகத்தின் மேல் விழுகிறது. தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் தாய்க்கு 2021 முதல் 12 மாத விடுப்பு கிடைப்பதால், அவர் பிள்ளை இந்த அழுகை உச்சத்தில் இருக்கும் வயதில்தான் முதன்முதலாக வருகிறது. விடுப்பு நீண்டது நல்லதே. ஆனால் அத்தகைய குழந்தைக்கு, தாய் உடனிருந்து சில நாள் சிறிது சிறிதாகப் பழக்கிவிடும் காலம் இன்னும் அவசியமாகிறது.

குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் நழுவிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதைக் கைவிடுவது நல்லது. முகத்தைக் காட்டி, “போயிட்டு வரேன் சாமி, பால் குடிச்சுத் தூங்கி எழுந்ததும் வந்துடுவேன்” என்று தினமும் ஒரே விதமாகச் சொல்லிவிட்டுப் போனால் அப்போது அழத்தான் செய்யும். நழுவினால், எந்த நேரமும் ஆள் மறைந்துவிடலாம் என்ற அச்சத்தில் நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

மாதக் கணக்கும் அதன் வரம்பும்

“பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டது” என்பதிலிருந்து பெரும்பாலான கவலைகள் தொடங்குகின்றன. குறித்த வயதையொட்டி வரும் திறன்களை வளர்ச்சிப் படிகள் என்கிறோம். பிள்ளைத்தமிழ் பாடிய மரபுக்கு இந்தக் கணக்கு நன்கு தெரியும். கையை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை 5-ஆம் மாதம், கை கொட்டும் சப்பாணி 9-ஆம் மாதம், தளர்நடையில் வரச் சொல்லி அழைக்கும் வருகை ஓராண்டை ஒட்டி என்று பருவங்களை அது வரிசைப்படுத்துகிறது. இலக்கியத்துக்கு ஒரு மாதத்தைக் குறித்தால் போதும். உண்மைக் குழந்தைகள் ஒரு மாதத்தில் நிற்பதில்லை.

இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் நலமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள்ளும், தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள்ளும் அமைகின்றன. நடையில் மட்டும் ஒன்பது மாதத்துக்கும் மேற்பட்ட இடைவெளி. அதற்குள் எங்கே வந்தாலும் இயல்பே. நூற்றில் நான்கு குழந்தைகள் கை, முழங்கால் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிட்டன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, 2 வயது வரை, பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல் பிறக்க வேண்டியிருந்த தேதியிலிருந்து வயதை எண்ண வேண்டும்.

இயல்பின் எல்லை அகலமானது என்பதற்காக எதையும் கண்டுகொள்ளாமல் இருக்கலாம் என்று பொருளல்ல. 3 மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்காதது, ஒலிக்குத் திரும்பாதது, 9 மாதம் கடந்தும் உட்கார முடியாதது, ஓராண்டில் மழலையொலியோ டாட்டா காட்டுவது போன்ற சைகையோ இல்லாதது, ஒன்றரை வயதில் நடக்காதது அல்லது வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டாதது, எந்த வயதிலும் வந்த திறன் மறைந்துபோவது ஆகியவை மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. “இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று தள்ளிப்போடும் மாதங்கள்தான் திரும்பக் கிடைக்காதவை. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வளர்ச்சித் தாமதத்துக்கான பரிசோதனை அரசு அமைப்பில் இலவசம்; அருகிலுள்ள அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள்.

காப்பகத்துக்குள் எதைப் பார்ப்பது

சுவரில் வரைந்த யானையையும் மயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். ஒரு குழந்தை அழுதால் எவ்வளவு நேரத்தில், யார் போகிறார்கள், தூக்கும்போது பேசுகிறார்களா, குழந்தைகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார்களா என்பது அதற்குள் தெரிந்துவிடும். எத்தனை குழந்தைக்கு ஒருவர் என்று நேரடியாகக் கேளுங்கள். இங்கிலாந்தில் 2 வயதுக்குட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. நம்மிடம் அந்த அளவை எதிர்பார்ப்பது கடினம் என்றாலும், பத்துக் கைக்குழந்தைகளை ஒருவர் வைத்திருக்கும் இடத்தில், அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், மேலே சொன்ன எதையும் செய்ய அவருக்குக் கை போதாது. அதைவிட முக்கியமான கேள்வி, ஆயா எத்தனை காலமாக அங்கே இருக்கிறார் என்பது. மாதத்துக்கு ஒருவர் மாறும் இடத்தில் குழந்தை யாரையும் பற்றிக்கொள்ள முடியாது. குறைந்த சம்பளத்துக்கு ஆள் வைத்து, அதில் மிச்சமாகும் பணத்தைச் சுவர் வண்ணத்தில் போடும் காப்பகங்களை நான் மதிப்பதில்லை.

சட்டத்தையும் அறிந்துவைத்திருப்பது நல்லது. 50 பேர் அல்லது அதற்கு மேல் பணியாற்றும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் 4 முறை அங்கே சென்று வர அனுமதிக்க வேண்டும் என்றும் மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. இந்த 4 முறையைக் கேட்டுப் பெறுபவர்கள் குறைவு. பாலூட்டுவதற்கு அது உதவும். சொல்லாமல் போய்ப் பார்ப்பதற்கும் உதவும். தனியார் காப்பகத்தில் அப்படிப் பகலில் முன்னறிவிப்பின்றி வரக் கூடாது என்று சொன்னால், அடுத்த காப்பகத்தின் முகவரியை விசாரிக்கத் தொடங்கலாம். வரலாம் என்று சொன்னால், காலையில் பிள்ளையை ஒப்படைக்கும்போது இரவு எப்படித் தூங்கியது, கடைசியாக எப்போது பால் குடித்தது, எந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கிறது என்பதை ஆயாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மாலையில் “சாப்பிட்டானா, தூங்கினானா” என்பதோடு, “இன்று எதைப் பார்த்துச் சிரித்தான்” என்றும் அவரைக் கேளுங்கள்.